பிணவறைக்குப் பின்னால் வீசும் காற்று

அவளை ஊரில் எல்லோரும் கேஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரை மட்டும் கேட்டுவிட்டுச் சிலிண்டர் எப்போது வரும் என்று போன் செய்தவர்களும் உண்டு. "என்கிட்ட இருக்கிற கேஸ்ல வெந்நீர் வைக்க முடியாதுங்க, ஐஸ்தான் வைக்கலாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.

குளிர்பதனப் பெட்டிகளையும் குளிரறைகளையும் பழுதுபார்ப்பது அவள் தொழில். அண்ணன் வைத்திருந்த பட்டறை அது. அவன் கப்பல் வேலை கிடைத்துக் கடலோடு போய்விட, "திரும்பி வர்றவரைக்கும் பார்த்துக்கோ" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் திரும்பவில்லை, கப்பலே பிடித்துப்போய்விட்டது. அதுவரை பட்டறையில் போன் எடுத்துக்கொண்டிருந்தவள் ஸ்பானரை எடுத்தாள். முதலில் சிரித்தவர்கள், தங்கள் மீன்கிடங்கும் பூக்கடையும் கோடையில் நின்றுபோனபோது அவளையே தேடி வந்தார்கள். கல்யாணமானதும் விட்டுவிடுவாள் என்றார்கள். அவள் கட்டிக்கொண்டவன் பஸ் டிரைவர். நாளெல்லாம் இஞ்சின் பக்கத்தில் வெந்துவிட்டு வருபவனுக்குக் குளிர் வேலை பார்க்கும் மனைவியிடம் மரியாதை அதிகம்.

பயம் என்று ஒன்று அவளுக்குக் கிடையாது என்று சொல்லிக்கொள்வார்கள். அது முழு உண்மையல்ல. அவளுக்கு எதையும் ஒருமுறை புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தொட்டுப் பார்த்துச் சூட்டைத் தெரிந்துகொண்டுவிட்டால் பாதி விஷயம் புரிந்துவிடும் என்பது அவள் நம்பிக்கை. வாடிக்கையாளர் யார் கேட்டாலும் ஒரே பாடம்தான் சொல்வாள். "குளிர்னு ஒரு பொருளே கிடையாதுங்க. நாம உள்ள குளிரை ஊத்தல. உள்ள இருக்கிற சூட்டை அள்ளிட்டு வந்து வெளிய கொட்டுறோம். கொட்டுற இடம் அடைச்சிருந்தா அள்ளுறதும் நின்னுடும். குப்பைத்தொட்டி நிறைஞ்ச வீடு மாதிரி."

அந்தக் கோடை கொடுமையாக இருந்தது. தார்ச்சாலையில் செருப்பு ஒட்டியது. அப்போதுதான் அரசு மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். பிணவறையின் குளிர் இயந்திரம் ஒவ்வொரு நாளும் மத்தியானத்தில் நின்றுவிடுகிறதாம்.

பிணவறை பெரிய கட்டடத்திலிருந்து விலகி, துணி வெளுக்கும் கூடத்தைத் தாண்டி, தனியாக இருந்தது. அதன் பொறுப்பாளரைச் சாவிக்காரர் என்று அழைத்தார்கள். சாவி வைத்திருப்பதால் அந்தப் பெயர் என்று அவர் சொல்வார். சாவோடு இருப்பதால் என்று மற்றவர்கள் சொல்வார்கள். இத்தனை வருஷம் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டவர், அங்கேயே தூங்கி எழுந்தவர், அன்றைக்குக் கதவைத் திறந்துவிட்டுத் தான் வெளியிலேயே நின்றுகொண்டார்.

"நீங்க வரலையா?" என்றாள்.

"நீங்க பாருங்க. நான் பார்த்தாச்சு."

உள்ளே குளிர் இருந்தது, ஆனால் அசதியான குளிர். சுவரோடு சுவராக எஃகு இழுப்பறைகள். அவற்றின் முகப்பில் நீர் முத்து முத்தாகத் திரண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து, கோடாக வழிந்துகொண்டிருந்தது. இயந்திரம் நின்று அறை சூடேறும்போது ஈரக் காற்று குளிர்ந்த தகட்டில் பட்டால் அப்படித்தான் வேர்க்கும். அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரே ஒரு இழுப்பறை மட்டும் மற்றவற்றைவிட அதிகம் வேர்த்திருந்த மாதிரி பட்டது. புறங்கையை வைத்துப் பார்த்தாள். ஒரே சூடுதான். கண் ஏமாற்றியிருக்கிறது.

வெளியே வந்ததும் சாவிக்காரர் கேட்டார், "வேர்த்திருக்கா?"

"தகடு வேர்த்திருக்கு."

"தகடுதான். நான் வேற ஒண்ணும் சொல்லலையே" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

கோளாறு உள்ளே இல்லை, பின்னாலிருந்தது. பிணவறையின் பின்சுவருக்கும் மருத்துவமனை மதிலுக்கும் நடுவில் ஒரு சந்து. அங்கே சிமெண்டு மேடைமேல் கண்டென்சர் உட்கார்ந்திருந்தது. வளைந்து வளைந்து போகும் செம்புக் குழாய், அதன்மேல் சீப்புப் பல் போல நெருக்கமாக அலுமினியத் தகடுகள், முன்பக்கம் ஒரு பெரிய விசிறி. அறையிலிருந்து சூட்டை வாங்கிக்கொண்டு வரும் கேஸைக் கம்ப்ரஸர் நெருக்கிப் பிழியும். பிழிந்தால் அது வெளிவெயிலைவிட அதிகமாகக் கொதிக்கும். கொதித்தால்தான் வேலை நடக்கும், ஏனென்றால் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதுபோல் சூடும் அதிகத்திலிருந்து குறைவுக்குத்தான் ஓடும். கேஸிலிருந்து செம்புக்கு, செம்பிலிருந்து தகட்டுக்கு, தகட்டிலிருந்து விசிறி இழுக்கும் காற்றுக்கு. சூட்டை இறக்கி வைத்த கேஸ் திரவமாகி, அடுத்த சுமைக்கு உள்ளே போகும்.

தகடுகளுக்கிடையில் வெளுப்புக் கூடத்துப் பஞ்சு கம்பளிபோல் அப்பியிருந்தது. இதுதான் என்று முடிவு செய்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாள். ஓர் இடத்தில் தகடுகள் மடங்கிக் கிடந்ததைச் சீப்பு போட்டு நிமிர்த்தினாள். ஏணி ஏதாவது இடித்திருக்கும் என்று நினைத்தாள். இயந்திரம் சுகமாக ஓடியது.

மறுநாள் மத்தியானம் மறுபடி நின்றது.

அவள் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. சந்தில் யாருமில்லை. பஞ்சு இல்லை, தூசி இல்லை. ஆனால் நேற்று நிமிர்த்திய அதே இடத்தில் தகடுகள் மறுபடி மடங்கியிருந்தன. குனிந்து பார்த்தாள். சாய்வெயில் விழுந்ததும் உருவம் தெரிந்தது. விரித்த ஐந்து விரல். பக்கத்தில் இன்னொரு கை, அதுவும் ஐந்து விரல். இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் மேலே, வட்டமாக ஒரு பள்ளம். யாரோ கதவில் காது வைத்துக் கேட்பதுபோல் அந்த இயந்திரத்தில் இரண்டு கையையும் ஊன்றிக் கன்னத்தைப் பதித்திருக்கிறார்கள்.

தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். அந்தக் கை அவள் கையைவிடச் சின்னது.

சாவிக்காரர் சந்து முனையிலேயே நின்றார். "உள்ள இருந்து வெளிய வர்றதுக்கு வேற வழி இல்லையேம்மா. கதவைப் பூட்டிடறேன். சன்னல் கிடையாது. எது வந்தாலும் இந்த வழியாத்தானே வரணும்?"

"பேய்க்கு எதுக்குண்ணே கை? காத்தோட காத்தா போக வேண்டியதுதானே?" என்று சிரித்தாள். ஆனால் பைக் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரிப்பு வரவில்லை. அவர் பயத்தில் சொன்னது தப்பே இல்லை. அவள் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் பாடத்தைத்தான் அவர் வேறு வார்த்தையில் சொல்லியிருந்தார். உடல் உள்ளே வரும்போது சூடு மிச்சமிருக்கும். அந்தச் சூடு அறைக் காற்றுக்கு வரும், கேஸுக்கு வரும், செம்புக்கு வரும், கடைசியில் அந்தச் சந்தில் காற்றாக வீசும். பூட்டிய அறையிலிருந்து அவர்களுடையது என்று வெளியே போவது அது ஒன்றுதான். இவ்வளவு வருஷத்தில் இதை அவள் யோசித்ததே கிடையாது. மீன்கிடங்கில் யார் இதையெல்லாம் யோசிப்பார்கள்?

அடுத்த நாள் யாருக்கும் சொல்லாமல் உச்சிவெயிலில் போனாள். முன்பக்கம் போகவில்லை, மதிலைச் சுற்றி நேரே சந்துக்குள் நுழைந்தாள். நிழல் காலடியில் சுருண்டு கிடந்த நேரம். காக்கைகூட இல்லை. விசிறி இரைச்சலோடு வேறொரு சத்தமும் கேட்டது, படபடவென்று, பெரிய பறவை ஒன்று சிறகடிப்பதுபோல். மேடைக்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணி தொங்கியது. மதில் கம்பியிலிருந்து இயந்திரத்தின் தலைவரைக்கும் இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் தொங்கவிட்ட ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு. அது உப்பி உப்பி அடங்கியது. உள்ளே ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது.

தொட்டுப் பார்க்காமல் எதையும் நம்பாதவள் அப்போது கையை நீட்டவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு விரிப்பை விலக்கினாள். அடுப்பின் வாயைத் திறந்ததுபோல் சூடு முகத்தில் அறைந்தது.

ஒரு பெண். வயது நாற்பதுக்குள் இருக்கும். சம்மணம் போட்டு, விசிறிக்கு நேர் எதிரில், கண் மூடி உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்து உதடு வெடித்திருந்தது. கண்ணைத் திறந்தவள் திடுக்கிடவில்லை. தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள்போல் கையைத் தாழ்த்திக் காட்டினாள்.

"மெதுவாப் பேசுங்க" என்றாள்.

கேஸ் அக்காவும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "யாரும்மா நீங்க? இங்க என்ன பண்றீங்க?"

"உள்ள என் வீட்டுக்காரர் இருக்காரு."

அவரோடு பதினைந்து வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவள் அவள். ஆனால் அவருக்கு முதல் மனைவியும் வளர்ந்த மகன்களும் இருந்தார்கள். நடுத்தெருவில் மாரடைப்பு வந்து விழுந்தவரை இவள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். இறந்த பிறகு மகன்கள் வந்து, இவள் யாரோ என்றார்கள். உடல் யாருக்கு என்று வழக்கு போய்விட்டது. தீர்ப்பு வரும்வரை யாருக்கும் கொடுக்கக் கூடாது. இவளை உள்ளே விடவும் கூடாது.

"கேஸ் நடக்குது" என்றாள்.

"என் பொழைப்பும் கேஸ்தான்" என்று வாயில் வந்துவிட்டது கேஸ் அக்காவுக்கு. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அந்தப் பெண் லேசாகச் சிரித்தாள்.

"முத நாள் இங்க வந்து நின்னப்ப அந்தச் சாவிக்காரர் விரட்டினாரு. உள்ள இருக்கிற சூடெல்லாம் இங்கதான் வருது, இங்க நிக்காதம்மான்னு. அதைக் கேட்டதுக்கப்புறம் எப்படிப் போறது? அவரு பார்க்காத நேரமா வந்து உக்காந்துக்குவேன்." விசிறியைப் பார்த்துச் சொன்னாள். "துணி கட்டலைன்னா காத்து சிதறிப் போயிடுது. கட்டினா கொஞ்ச நேரம் சுத்தி நிக்கும். அப்புறம் இதுவா நின்னுடும். நின்னதும் பின்னால போய்க் கை வெச்சுப் பார்ப்பேன். கொஞ்ச நேரம் சூடா இருக்கும்."

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கேஸ் அக்கா அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கத் தெரியாது அவளுக்கு. தன் பாடத்தைத்தான் சொன்னாள், மெதுவாக.

"இந்த மெஷின் பின்பக்கம் காத்தை இழுத்து முன்பக்கம் விடுது. விட்ட காத்து தூரமாப் போயிடணும், அப்பதான் புதுக்காத்து வரும். நீங்க துணி கட்டினதால விட்ட காத்தே திரும்பிப் பின்பக்கம் போகுது. ஏற்கெனவே சூடான காத்து இன்னும் எவ்வளவு சூட்டை வாங்கும்? கேஸ் சூட்டை இறக்கி வைக்க இடமில்லாம அழுத்தம் ஏறுது. குழாய் வெடிக்கிறதுக்கு முன்னால மெஷின் தன்னால நின்னுக்குது."

"நின்னா?"

"உள்ள இருந்து சூட்டை எடுக்க ஆளில்லை. உள்ள சூடு ஏறும்."

"ஏறினா?"

கேஸ் அக்கா பிணவறைச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகத்திலிருந்த சிவப்பு வடிந்தது. எழுந்தாள். விரிப்பின் முடிச்சுகளை நகத்தால் கிழிப்பதுபோல் அவிழ்த்தாள். ஒரு முடிச்சு வரவில்லை; பல்லால் கடித்து இழுத்தாள். துணி விழுந்ததும் வெக்கை கலைந்து மதிலைத் தாண்டிப் போனது. இயந்திரத்தின் முனகல் ஒரு சுருதி இறங்கியது.

அந்தப் பெண் மறுபடி வந்து உட்கார்ந்து கேட்டாள், "இது அவரோட சூடுதானே?"

பொய் சொல்லியிருக்கலாம். கேஸ் அக்கா பின்னாளில் அதைப் பலமுறை நினைத்ததுண்டு. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவள் ஒரு மெக்கானிக்கிடம் கேட்கிறாள், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாள்.

"இல்லம்மா. ஒரு உடம்போட சூடு ஒரு நாளைக்குள்ள வெளிய வந்துடும். அதுக்கப்புறம் அவரும் அவரு படுத்திருக்கிற எஃகுத் தட்டும் ஒரே சூடுதான். இப்ப வர்றது வெயில் சுவர் வழியா உள்ள போனது. அப்புறம் இந்த மோட்டாரோட உழைப்பு. அவ்வளவுதான்."

அந்தப் பெண் கைகளை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"முத நாள் நான் இங்கதான் இருந்தேன். அவரை உள்ள கொண்டுபோனதிலிருந்து. சாயங்காலம் காத்து ரொம்ப சூடா வந்துச்சு. பொழுது விடியறப்ப குறைஞ்சுபோச்சு. நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு துணி கட்டினேன்." மடியிலிருந்த கைகளைப் பார்த்தாள். "அப்போ எல்லாம் எனக்கு வந்தாச்சு."

அன்று வீட்டில் கேஸ் அக்கா சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். புருஷன் கேட்டுக்கேட்டு விஷயத்தை வாங்கினான். "ஊர் வம்பு உனக்கெதுக்கு" என்றான். கை கழுவிவிட்டு வந்து, "இவ்வளவு பெரிய மெஷினுக்கு நீ ஒத்தையாவா போற? பை தூக்க ஒரு ஆள் வெச்சுக்கக் கூடாதா?" என்றான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் அதற்குள் பல் குத்திக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டான்.

மறுநாள் காலை அவள் பின்னால் ஒரு பெண் பைக்கில் உட்கார்ந்து வந்தாள். தலையில் தொப்பி, முகத்தில் துணி, அளவு மீறிய பட்டறைச் சட்டை. சாவிக்காரர் அந்தக் கண்களையே பார்த்தார்.

"உதவிக்கு ஆளா?"

"ஆமாண்ணே."

"புதுசா?"

"புதுசு."

"பையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கச் சொல்லுங்க. சாமான் ஆடுற சத்தம் கேக்குது." பூட்டைத் திறந்துவிட்டு அவர் திரும்பி நின்றுகொண்டார். எந்த இழுப்பறை என்று மட்டும், கேட்காமலே, முதுகைக் காட்டியபடி சொன்னார்.

இழுப்பறை சத்தமில்லாமல் வந்தது. மார்புவரை மெல்லிய துணி போர்த்தியிருந்தது. அந்தப் பெண் அழவில்லை. புறங்கையால் அவர் நெற்றியைத் தொட்டாள், உடனே எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் எஃகுத் தட்டைத் தொட்டாள். மறுபடி நெற்றி.

"நீங்க சொன்ன மாதிரியே ரெண்டும் ஒண்ணா இருக்கு" என்றாள். குரலில் துக்கமில்லை. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுக் கடைசியாக ஒருமுறை அறைகளைப் பார்ப்பவர்களின் குரல் அது.

அப்போது கூரையிலிருந்து குளிர்காற்றை வீசும் விசிறிகள் நின்றன. அந்த அறையில் அவ்வளவு அமைதி இருக்கும் என்று கேஸ் அக்காவுக்குத் தெரியாது. பிறகு தலைக்குமேல் தகடு விரியும் சத்தம் டிக், டிக் என்று கேட்டது. நீர் சொட்டியது. என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். உள்ளேயிருக்கும் காயிலில், அதாவது குளிர்க் குழாய்ச் சுருளில், பனி படிந்துவிட்டால் அறையின் சூடு கேஸில் ஏறாது. அதனால் அவ்வப்போது இயந்திரம் வெளியே கொட்ட வேண்டிய கொதிக்கும் கேஸைக் கொஞ்ச நேரம் உள்ளுக்கே திருப்பி அனுப்பிப் பனியைக் கரைக்கும். கரைந்த பிறகு காயில் மீண்டும் குளிரும்வரை விசிறி காத்திருக்க வேண்டும். காத்திருக்க வைக்கும் சின்னப் பாகம் ஒன்று உண்டு.

அது கெட்டுப்போயிருந்தது. விசிறிகள் காத்திராமல் சுழன்றன.

கூரையிலிருந்து வெதுவெதுப்பான ஈரக் காற்று ஒன்று இறங்கியது. வெள்ளை ஆவியாக, நேராக, திறந்திருந்த அந்த இழுப்பறைமேல். இறந்தவர் மார்பிலிருந்த துணி மெதுவாக எழும்பியது, நின்றது, இறங்கியது. இன்னொரு முறை எழும்பி இறங்கியது. அந்தக் காற்று கேஸ் அக்காவின் கழுத்தையும் தொட்டுவிட்டுப் போனது.

அந்தப் பெண் குனிந்து, காது கொடுத்துக் கேட்பதுபோல் கொஞ்சம் நின்று, "சரி" என்றாள். ஏதோ கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல், இயல்பாக. பிறகு இழுப்பறையைத் தானே உள்ளே தள்ளி மூடினாள்.

மாற்றிப் போட வேண்டிய புதுப் பாகம் பையிலேயே இருந்தது. கேஸ் அக்கா அன்று அதை எடுக்கவில்லை. கெட்ட பாகத்தைப் பற்றி அவளிடம் சொல்லவுமில்லை. என்ன கேட்டார், எதற்குச் சரி என்றாய் என்று விசாரிக்கவுமில்லை. பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டபோது அந்தப் பெண் தொப்பியைக் கழற்றிக் கொடுத்து, "நல்லா இருங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் கேஸ் அக்கா தனியாக வந்து பாகத்தை மாற்றினாள். சந்துக்குப் போய், கை பதிந்த தகடுகளையும் ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். மடங்கிய தகட்டில் காற்று போகாது, விட்டுவைக்க முடியாது.

தீர்ப்பு மகன்கள் பக்கம் வந்தது. அவர்கள் வண்டியில் எடுத்துப்போனபோது அந்தப் பெண் வாசலில் கூட்டத்தோடு நின்று பார்த்துவிட்டு, வண்டி திரும்பும் முன்பே நடந்து போய்விட்டாளாம். "சண்டை போடுவான்னு போலீஸ்லாம் வந்திருந்தாங்க. இதுக்கு எதுக்குச் சண்டைங்கிற மாதிரி போயிட்டா" என்றார் சாவிக்காரர்.

அந்த மருத்துவமனை வேலையைக் கேஸ் அக்கா விடவில்லை. பல கோடைகள் பார்த்துவிட்டாள். இயந்திரம் அப்படி நின்றதில்லை. ஆனால் ஒரு வழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. சந்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போது முன்பக்கம் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும். கதவு திறந்து மூடும். கொஞ்ச நேரத்தில் அழுத்தம் காட்டும் கேஜின் முள் மெல்ல ஏறத் தொடங்கும்; உள்ளே புதுச் சூடு வந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது அவள் சாமான்களை எடுத்துக்கொண்டு விசிறிக்கு எதிரிலிருந்து எழுந்து, சுவரோரம் ஒதுங்கி, அந்தக் காற்று போக வழி விட்டு நிற்பாள்.